பத்தொன்பது கிராம்

இவெதா கொடுத்தபோது அது இஞ்சி மாதிரிதான் இருந்தது.
பிசியோதெரபி அறையில், வேலையை விட்டுப் போகிற நாளில்
ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் திணித்தாள்:
"பெண் வேர். பெண்ணில்தான் பூ வரும்.
முதலில் கொஞ்சம் குளிர் காட்டு."

மங்காஃபில் குளிருக்கு எங்கே போவது?
ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில்
ஆறு வாரம் கிடந்தது மார்கழி.
ஒருநாள் செல்வின் அதைத் தேநீருக்குத் தட்டப் போனான்.
நான் போட்ட சத்தத்தில்
குழவி அவன் கால்விரலில் விழுந்தது.

பிப்ரவரியில் பால்கனித் தொட்டி.
ஏசி சொட்டுகிற தண்ணீர்தான் பாசனம்.
நைலான் கயிற்றில் இடப்பக்கமாகச் சுற்றிவிட்டுப் படுத்தேன்.
விடிந்து பார்த்தால்
இரவெல்லாம் தன்னை அவிழ்த்துக்கொண்டு
வலப்பக்கமாய் ஏறியிருந்தது.
அதற்கப்புறம் நான் அதன் வழிக்குப் போகவில்லை.

"என்ன கொடி, சிஸ்டர்?"
கட்டடம் காக்கும் மொக்லேஸ் பாய்.
கொசு அண்டாது என்றேன்.
ஒரு பூவைக் கிள்ளிக் கசக்கினார்,
விரலெல்லாம் மஞ்சள், ஒரு தும்மல்.
பிறகு அந்த விரலை மூக்கைவிட்டு எடுக்கவே இல்லை.
அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.
அன்றிலிருந்து எங்கள் குப்பைப் பையை
அவரே மாடியேறி வந்து வாங்கிப் போகிறார்.

மே மாதம் பறித்தேன்.
காகிதத்தில் மடித்தது போன்ற பச்சைக் கூம்புகள்.
சல்லடையில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள்.
தராசில் வைத்தால் பத்தொன்பது கிராம்.
புத்தகம் ஐம்பது கேட்கிறது.
இறக்கி மறுபடி வைத்தேன்.
பத்தொன்பது.

குளியலறை மூலையில், லுங்கி போர்த்திய பீப்பாய்
முதல் வாரம் பொங்கித் தீர்த்துவிட்டு
இப்போது எப்போதாவது ஓர் ஏப்பம் விடுகிறது.
இதுதான் நேரம்.
கொதிக்கவைத்த இட்லித் துணியில் பூவை முடிந்தேன்,
மிதக்காமலிருக்க உள்ளே நாலு எவர்சில்வர் ஸ்பூன்.
ட்ரை ஹாப்பிங் என்று பேர்.
ஈரத்துக்குள் இறக்குவதற்கு என்ன ட்ரையோ!
ஊரில் ட்ரை டே வருஷத்தில் சில நாள்.
இங்கே வருஷம் முழுக்க.
பிடிபட்டால் விமானம், ஒருவழி.
எத்தனையோ கைகளில் நரம்பு தேடிக் குத்திய கை
மூடியை அழுத்தும்போது
லேசாக ஆடியது.

நாலு நாள். நாலாம் நாள் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் வானம் செங்கல் நிறமானது.
எதிர்க் கட்டடம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.
அவசரப் பிரிவில் கட்டில் போதாமல் நாற்காலிகள்,
நாற்காலி போதாமல் தரை.
நெபுலைசர் மாஸ்க்குகளுக்குள் ஓர் ஊரே இருமியது.
ஒட்டகம் மேய்க்கிற பையன் ஒருவன், உதடு நீலம்;
மெதுவா, மெதுவா மூச்சு விடு என்று
அவனிடம் எந்த மொழியில் சொன்னேனோ,
விட்டான்.
இரட்டை ஷிஃப்ட், அதன் மேல் இன்னொன்று.
வீட்டுக்கு வந்தது தூங்க மட்டும்.

பீப்பாய் ஞாபகம் வந்தபோது எட்டாம் நாள்.

பால்கனியில் கொடி இருந்த இடத்தில்
கொடியின் மண்பொம்மை நின்றது.
துணியைப் பிழியாமல் தூக்கினேன்.
நுரையில்லை, வெதுவெதுப்பு வேறு.
குடிப்பழக்கம் இல்லாத செல்வின்
டம்ளரை மூக்குவரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

பூ அதிக நாள் கிடந்தால் புல் வாடை அடிக்கும்,
அது பிழை என்கிறது புத்தகம்.

ஆமாம், புல்தான்.
ரவுண்டானாவில் பலதியா ஆட்கள் மெஷின் ஓட்டிவிட்டுப் போனதும்
பஸ் ஜன்னல் வழியாகப் பத்து விநாடி வருமே, அது.
ஒரு வாரம் மண்ணைச் சுவாசித்த இரண்டு பேர்
புத்தகத்தை மூடிவைத்தோம்.

"அடுத்த வருஷம் ஐம்பது வருமா?" என்றான்.
நான் ஸ்பூன்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தேநீர் கசந்தது.
நாலில் எந்த ஸ்பூன் என்று தெரியவில்லை.
மாற்றி மாற்றிப் போட்டுக்
கலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.